இன்சுலின் கண்ட பாண்டிங்

நீரிழிவு என்பது நம் மருத்துவர்கள் நெடுங்காலமாக வழங்கி வரும் சொல். இழிதல் என்பதற்குக் கீழ்நோக்கி இறங்குதல் என்பது பொருள். அருவி மலையினின்று இழிகின்றது என்பது பழைய வழக்கு. உடம்பில் தங்க வேண்டிய நீர் தங்காது இழிந்து போதலின் நோய்க்கு இப்பெயர் அமைந்தது. கிரேக்க மொழியில் இந்நோய்க்கு வழங்கிய பெயரும் ஊடுருவிக் கடத்தல் என்னும் பொருளுடையதே. இந்நோயாளரின் சிறுநீர் இனிப்புடையது என்பதைப் பண்டை இந்திய மருத்துவர்கள் கண்டறிந்து, மதுமேகம் என்று அதற்குப் பெயரிட்டனர். பெயரை அறிந்தனர், குறிகளை அறிந்தனர், ஆயின் அந்நோய் இளஞ்சிறாரைப் பற்றியபோது அதனைத் தடுக்கும் வழியை உலகில் எந்நாட்டவரும் 1922ஆம் ஆண்டு வரை அறிந்திலர்.

நீரிழிவு ஒரே தன்மையதன்று. நடுவயது கடந்தோரிடம் பெரும்பாலும் காணப்பெறுவது ஒரு வகை. அதில் இன்சுலின் என்னும் சுரப்பு இருந்தும் உடல் அதனைச் செவ்வனே பயன்கொள்வதில்லை. சிறுவர்க்கும் இளைஞர்க்கும் திடீரெனத் தோன்றுவது மற்றொரு வகை. வளர்ந்தோரையும் இது சில வேளை பற்றும். இக்கால மருத்துவர் இதனை முதல் வகை நீரிழிவு என்பர். இதில் அச்சுரப்பு ஏறக்குறைய முற்றிலும் அற்றுப் போகின்றது. உண்ட உணவு சர்க்கரையாகிக் குருதியில் நிறைந்திருந்தும் உடலின் உயிரணுக்கள் அதனை ஏற்க மாட்டாமல் பட்டினி கிடக்கின்றன. ஆற்றில் வெள்ளம் பெருகியும் மதகைத் திறப்பார் இன்மையால் வயலில் பயிர் வாடுவது போன்றது இது. ஏற்கப்படாத சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும்; நாவறட்சி மிகும்; உடல் தன் கொழுப்பையே எரித்துத் தின்னத் தொடங்கும். அவ்வெரிவில் பிறக்கும் கீட்டோன் என்னும் புளிப்புப் பொருள்கள் குருதியை நஞ்சாக்க, சிறுவன் உணர்விழந்து உயிர் துறப்பான்.

அந்நாளில் இந்நோய்க்குத் தக்க மருத்துவம் என்று கருதப்பெற்றது பட்டினியே. பிரடரிக் ஆலன் என்னும் அமெரிக்க மருத்துவர் உணவைப் பெரிதும் சுருக்கி, நோயாளியின் வாழ்நாளைச் சில திங்களேனும் சில ஆண்டேனும் நீட்டினார். பெற்ற தாயே குழந்தைக்கு உணவை மறுக்க வேண்டியதாயிற்று. சில சிறார் நோயால் இறவாது பசியால் இறந்தனர். ஆலனைக் கொடியவர் என்று கூறுவாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. அவர் முறையால் காலம் நீட்டிக்கப்பெற்ற சிலர் புதிய மருந்து வரும்வரை உயிர் தாங்கினர் என்பதை நாம் மறத்தலாகாது. அம்மருந்து பிறக்கக் காரணமாயிருந்தவருள் முதல்வர் பிரடரிக் பாண்டிங் ஆவார்.

கனடா நாட்டில் ஒன்டாரியோ மாநிலத்து அலிஸ்டன் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை ஒன்றில் 1891ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் பாண்டிங் பிறந்தார். உழவர் குடும்பம், உடன்பிறந்தார் ஐவருள் இவரே இளையவர். பள்ளியில் இவர் ஒளிவிட்ட மாணாக்கர் அல்லர். 1910இல் டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் கலைக்கல்வி பயிலச் சேர்ந்து, முதலாண்டுத் தேர்வில் தவறினார். சமயகுருவாக வேண்டும் என்பது வீட்டார் விருப்பம்; இவர் மனமோ மருத்துவத்தை நாடியது. 1912இல் மருத்துவப் படிப்பில் புகுந்தார். முதல் உலகப் போர் மூண்டபோது படையிற் சேர முயன்றார். கண்பார்வைக் குறையால் தொடக்கத்தில் மறுக்கப்பெற்றுப் பின்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டார். போர்க்காலத் தேவையால் இவர் வகுப்பின் படிப்பு விரைந்து முடிக்கப்பெற்று, 1916இன் இறுதியில் பட்டம் பெற்றார். 1918 செப்டம்பரில் பிரான்சு நாட்டின் காம்பிரே அருகே நிகழ்ந்த போரில் குண்டுச் சிதறல் இவர் வலக்கையைப் புண்படுத்தியது. அந்நிலையிலும் பிறர் புண்களுக்குக் கட்டுக் கட்டுவதை விட்டிலர். அதன்பொருட்டு இராணுவச் சிலுவை என்னும் விருது பெற்றார்.

போர் முடிந்து திரும்பியவர் டொராண்டோவின் சிறுவர் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் பயின்றார். நிலையான பணி அங்குக் கிடைக்கவில்லை. 1920ஆம் ஆண்டு சூலையில் ஒன்டாரியோவிலுள்ள இலண்டன் நகரில் ஒரு வீட்டில் மருத்துவத் தொழில் தொடங்கினார். (இஃது இங்கிலாந்தின் தலைநகரன்று, அதன் பெயர் தாங்கிய கனடிய நகரம்.) கதவில் பெயர்ப்பலகை தொங்கியது, நோயாளர் வந்திலர். முதல் திங்களில் இவர் ஈட்டியது 4 டாலர். கைச்செலவுக்கு வழியின்றி, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மாணாக்கர்க்குப் பாடம் சொல்லும் பகுதிநேர வேலையை ஏற்றார். அந்தச் சிறு வேலையே இவர் வாழ்வைத் திருப்பியது.

அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் இரவு, உடல் சர்க்கரையைப் பயன்கொள்ளும் முறை பற்றி மறுநாள்களில் நிகழ்த்த வேண்டிய பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தார். இப்பொருளில் இவர்க்கு ஆழ்ந்த புலமை இல்லை. உறங்கப்போகுமுன் அப்போது வந்திருந்த மருத்துவ இதழ் ஒன்றை விரித்தார். அதில் மோசஸ் பாரன் என்பவர் எழுதிய கட்டுரை கண்ணிற் பட்டது. அதன் கருத்தை அறிவதற்குக் கணையம் என்னும் உறுப்பைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

கணையம் இரைப்பைக்குப் பின்னே கிடப்பது. செரிமான நீரைச் சுரந்து ஒரு நாளத்தின் வழியே குடலுக்கு அனுப்புவது அதன் வெளிப்படையான தொழில். 1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் இளைஞர், அவ்வுறுப்பினுள் சூழ்ந்துள்ளவற்றினின்று வேறுபட்ட அணுக்கூட்டங்கள் திட்டுத்திட்டாக விளங்குவதைக் கண்டார். அவற்றின் தொழில் இன்னது என்று அவரால் கூற இயலவில்லை. 1889இல் ஸ்டிராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றவே, அந்நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. ஆகவே கணையம் சர்க்கரையை ஆளும் பொருள் ஒன்றையும் சுரக்கின்றது என்பது தெளிவாயிற்று. அப்பொருள் அத்தீவுகளிலிருந்து வருவது என்று பலரும் கருதினர். அதனைப் பிரித்தெடுக்க முயன்றவரும் பலர். அவர்கள் ஆக்கிய சாறுகள் சில பயன் தருவன போலத் தோன்றி, நச்சுத்தன்மையாலோ நிலையின்மையாலோ கைவிடப்பட்டன. இலத்தீன் மொழியில் தீவைக் குறிக்கும் சொல்லிலிருந்து, பொருள் கைக்கு வருமுன்னரே இன்சுலின் என்னும் பெயரைச் சிலர் கூறியிருந்தனர். பிள்ளை பிறக்குமுன் பெயர் பிறந்தது.

பாரன் கண்டது வருமாறு: ஒருவரது கணைய நாளத்தைக் கல்லொன்று அடைத்துக்கொள்ள, செரிமான நீர் சுரக்கும் பகுதிகள் சுருங்கிப் போயின, தீவுகளோ அழியாது நின்றன. இதைப் படித்த பாண்டிங்கிற்கு உறக்கம் வரவில்லை. செரிமான நீரே உள்ளிருக்கும் அரிய பொருளைக் கரைத்து அழிக்கின்றது போலும். நாயின் கணைய நாளத்தைக் கட்டிவிட்டுச் சில வாரம் காத்திருந்தால் செரிமானப் பகுதி அழிந்துவிடும். எஞ்சிய தீவுகளிலிருந்து சாற்றை எடுக்கலாம். இக்கருத்தை அவர் பின்னிரவு 2 மணியளவில் எழுந்து சில வரிகளில் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அக்குறிப்பில் நோயின் ஆங்கிலப் பெயரையே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார் என்பது ஒரு வேடிக்கை.

டொராண்டோவில் உடலியல் பேராசிரியராக விளங்கியவர் ஜான் மக்லியாட் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். சர்க்கரை பற்றிய ஆராய்ச்சியில் உலகறிந்த புலவர். நவம்பரில் பாண்டிங் அவரைச் சென்று கண்டார். வந்தவர்க்கு நூலறிவு போதாது என்பதைப் பேராசிரியர் விரைவில் உணர்ந்தார். அவர் தயங்கியதில் வியப்பில்லை. எனினும், அறுவை வல்லார் ஒருவர் இவ்வழியை முற்றச் செய்து பார்த்ததில்லை என்று எண்ணிப் பின்னர் இசைந்தார். 1921 மே 17ஆம் நாள் வேலை தொடங்கியது. சில நாய்களும், மேல்மாடியில் ஓர் எளிய அறையும், உதவிக்கு ஒரு மாணவரும் கிடைத்தனர். சார்லஸ் பெஸ்ட் என்னும் அம்மாணவர்க்கு அப்போது வயது 22. இரு மாணவருள் யார் முதலிற் பணியாற்றுவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தனர் என்பர். சில நாள் உடனிருந்து வழிகாட்டிய பின் மக்லியாட் கோடை விடுமுறைக்குத் தம் நாடு சென்றார்.

அக்கோடையின் வெம்மை கடுமையானது. முதல் சில வாரங்களிலேயே நாய்கள் பல இறந்துபட்டன. சூலையில் வயிற்றைத் திறந்து பார்த்தபோது, நாளத்தைக் கட்டிய முடிச்சுகள் பல பயனற்றுப் போயிருந்தமை தெரிந்தது. மீண்டும் பட்டிழையால் கட்டினர். பாண்டிங் அக்கோடையில் சம்பளமின்றியே உழைத்தார். சூலை 30ஆம் நாள், கணையம் அகற்றப்பெற்ற நாய் ஒன்றற்குத் தாம் ஆக்கிய சாற்றை ஊசிவழிச் செலுத்தினர். ஒரு மணி நேரத்தில் அதன் குருதிச் சர்க்கரை குறைந்தது. அந்நாய் நெடுநேரம் வாழவில்லை. ஆயினும் இருவர்க்கும் நம்பிக்கை பிறந்தது. மனிதரின் உயிர்க்காக இங்ஙனம் மாய்ந்த வாயில்லா உயிர்கள் பல. அவற்றுள் மார்ஜோரி என்னும் நாய் மட்டும் பெயரோடு நினைக்கப்படுகின்றது. கணையமின்றி அது சாற்றின் வலியால் ஏறத்தாழ 70 நாள் உயிர் வாழ்ந்தது.

இங்கு ஒரு செய்தியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். நாளத்தைக் கட்ட வேண்டும் என்பதே பாண்டிங்கின் மூலக்கருத்து. அது தேவையற்றது என்பதை அவர் ஆராய்ச்சியே காட்டிவிட்டது! ஒவ்வொரு நாய்க்கும் வாரக்கணக்கிற் காத்திருந்தால் சாறு போதாது என்று கண்ட அவர், நவம்பரில் வேறொன்றை நினைந்தார். கருவிலுள்ள கன்றின் கணையத்தில் தீவுகள் மிகுதி. செரிமான நீரோ குறைவு. கொல்லப்படும் பசுக்கள் பல சினையாயிருக்கும் என்பதைப் பண்ணையிற் பிறந்த அவர் அறிவார். இறைச்சிக் கூடத்திலிருந்து கருக்கன்றின் கணையத்தைக் கொணர்ந்து சாறெடுத்தார். அது பயன் தந்தது. அடுத்து, ஆல்கஹாலைத் துணைக்கொண்டால் வளர்ந்த மாட்டின் கணையத்திலிருந்தே சாறு எடுக்கலாம் என்பது புலனாயிற்று. ஆகவே நள்ளிரவில் தோன்றிய கருத்து, வாயிலைக் காட்டிய அளவில் நின்றுவிட்டது. உள்ளே செல்வதற்கு உதவியது அக்கருத்தன்று. கண்டதை விடாது பற்றிய மனவுறுதியே.

டிசம்பரில் ஜேம்ஸ் காலிப் என்னும் உயிர்வேதியியலார் இக்குழுவிற் சேர்ந்தார். சாற்றைத் தூய்மை செய்வது அவர் பொறுப்பாயிற்று. அவ்வாண்டிறுதியில் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் அறிஞர் அவையொன்றில் பாண்டிங் தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். அவையச்சம் அவரை வாட்டியது, வினாக்களுக்குத் தடுமாறினார். மக்லியாட் எழுந்து விடை கூறினார். பேராசிரியர் தமக்குத் துணை நின்றார் என்று பாண்டிங் எண்ணவில்லை. தம் உழைப்பின் பயனைப் பறித்துக்கொண்டார் என்றே எண்ணினார். அந்த மனப்புண் நெடுங்காலம் ஆறவில்லை.

1922 சனவரி 11ஆம் நாள் டொராண்டோப் பொது மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அவன் எடை 65 பவுண்டு, அதாவது 30 கிலோவுக்கும் குறைவு. பாண்டிங்கும் பெஸ்டும் ஆக்கிய அச்சாறு பழுப்பு நிறமாகக் கலங்கியிருந்தது. சர்க்கரை நான்கில் ஒரு பங்களவே குறைந்தது, ஊசி போட்ட இடத்தில் கட்டி எழுந்தது, கீட்டோன் நீங்கவில்லை. சிகிச்சையை நிறுத்தினர். பன்னிரு நாள் கழிந்தன. அதற்குள் காலிப், ஆல்கஹாலின் அளவை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு நிலையில் வேண்டாத மாசுகள் வீழ்ந்து நீங்குவதையும், அதற்கு மேலொரு நிலையில் வேண்டிய பொருளே வீழ்படிவாவதையும் கண்டுபிடித்தார். சனவரி 23ஆம் நாள் அத்தூய சாறு லெனார்டுக்குச் செலுத்தப்பெற்றது. ஒரு நாளில் அவன் குருதிச் சர்க்கரை 520 மில்லிகிராம் என்னும் அளவிலிருந்து 120க்கு இறங்கியது. கீட்டோன் மறைந்தது. கண்ணில் ஒளி வந்தது. அவன் மேலும் பதின்மூன்று ஆண்டு வாழ்ந்து, 1935இல் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தான்.

இவ்வரிய வேளையிலேயே அவ்வறையில் சண்டையும் மூண்டது. தூய்மை செய்த முறையைத் தமக்குக் கூற மறுத்தார் என்று காலிப்பின் மீது பாண்டிங் பாய்ந்தார் என்றும், பெஸ்ட் இடைபுகுந்து தடுத்தார் என்றும் கூறுவர். பாண்டிங் முன்கோபி, தம்மினும் கற்றவர் நடுவே தாம் ஒதுக்கப்படுவதாக ஐயுற்று ஐயுற்று மனம் நொந்தவர். பாடநூல்களில் பெரியோரைக் குறையற்றவராகவே காட்டுவது ஒரு வழக்கம். அவ்வழக்கத்தை இங்குக் கைக்கொண்டால் காலிப்புக்கும் மக்லியாட்டுக்கும் நாம் தீங்கிழைத்தவர் ஆவோம்.

அவ்வாண்டின் வேனிற்காலத் தொடக்கத்தில் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. மிகுதியாக ஆக்க முற்பட்டபோது, சாறு எடுக்கும் முறையே கைதவறிப் போயிற்று. காலிப்பே முயன்றும் முன்போல வரவில்லை. மருந்து உண்டு என்று கேள்வியுற்றுப் பெற்றோர் கடிதங்கள் எழுதிக் குவித்தனர், கொடுப்பதற்கோ மருந்தில்லை. பல வார உழைப்பின் பின்னரே முறை மீண்டது. அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனமும் இப்பணியிற் சேர்ந்து, பெருமளவில் இன்சுலின் ஆக்கும் வழியைக் கண்டது. ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி பாண்டிங்கிடம் அழைத்து வரப்பெற்றாள். அவள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் ஹியூஸின் மகள். ஆலனின் பட்டினி முறையால் மூன்றாண்டு உயிர் தாங்கியவள். பதினைந்து வயது நிறையும் தறுவாயில் அவள் எடை 45 பவுண்டு. நடக்கவும் வலியற்றிருந்த அவள், சில வாரங்களில் உடல் தேறி, வயிறார உண்டாள். பின்னர் மணந்து மக்களைப் பெற்று, 1981இல் தன் 73ஆம் வயதில் மறைந்தாள். தனக்கு இந்நோய் இருந்ததை அவள் பிறர் அறியாவண்ணம் வாழ்நாளெல்லாம் மறைத்தே வைத்திருந்தாள்.

இன்சுலினுக்குக் காப்புரிமை பெற வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, மருத்துவர் ஒருவர் உயிர்மருந்தைத் தமக்கே உரியதாக்குதல் தம் தொழிலறத்துக்கு ஒவ்வாது என்று பாண்டிங் தம் பெயரைச் சேர்க்கத் தயங்கினார். பிறர் எவரேனும் அதனைத் தமதாக்கிக்கொள்ளாமற் காக்கவே உரிமை வேண்டும் என்பதறிந்து பின்னர் இசைந்தார். பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்று அவ்வுரிமையை 1923இல் டொராண்டோப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தனர். நான்கு டாலர் ஈட்டித் திங்களைக் கழித்தவர் அவர் என்பதை நினைத்தால் அச்செயலின் பெருமை விளங்கும். அவர்கள் விலையின்றிக் கொடுத்த அம்மருந்து இன்றும் உலகின் பல பகுதிகளில் ஏழையர்க்கு எட்டாப் பொருளாய் இருப்பது வருந்தத்தக்கது.

1923ஆம் ஆண்டு அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியாட்டுக்கும் அறிவிக்கப்பட்டது. அப்போது பாண்டிங்குக்கு 32 வயது நிறையவில்லை. மருத்துவத்தில் அப்பரிசு பெற்றாருள் இன்றுவரை இளையவர் இவரே. செய்தி கேட்டு மகிழ வேண்டியவர் சினந்தார். பெஸ்டின் பெயர் இல்லை. மக்லியாட்டின் பெயர் இருந்தது. பரிசை மறுத்துவிடவும் துணிந்தவரை நண்பர்கள் தேற்றினர். தம் பங்கிற் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுப்பதாக அவர் உடனே அறிவித்தார். மக்லியாட்டும் தம் பங்கிற் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். உருமேனியா நாட்டின் நிக்கோலே பாலெஸ்கு என்பார் கணையச்சாற்றால் நாய்களின் சர்க்கரையைக் குறைத்து, டொராண்டோக் குழுவினர்க்கு முன்னரே 1921இல் அதனை வெளியிட்டிருந்தார். அவரை எவரும் நினைத்திலர். இன்சுலின் யாருடையது என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. என் கருத்தைச் சொல்வதானால், மக்லியாட்டின் அறிவும் காலிப்பின் கைத்திறமும் பெஸ்டின் உழைப்பும் இன்றி அம்மருந்து நோயாளியின் படுக்கையை அடைந்திராது. பாண்டிங்கின் பிடிவாதம் இன்றி அவர்கள் அவ்வாண்டில் அவ்வேலையைத் தொடங்கியே இரார்.

இன்சுலினைக் கண்டதோடு நோய் ஒழிந்தது என்று நாளிதழ்கள் முழங்கின. ஒழியவில்லை. இன்சுலின் உள்ளவரையில் உயிர் உண்டு. ஊசியை நிறுத்தினால் நோய் மீண்டும் வந்து நிற்கும். அளவு குறைந்தால் சர்க்கரை ஏறும். அளவு மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து, உடல் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். அவ்வேளையில் ஒரு கைச்சர்க்கரையோ பழச்சாறோ உயிரைக் காக்கும். ஆகவே நோயாளி உணவையும் உழைப்பையும் ஊசியையும் நாள்தோறும் நிறுத்து வாழ வேண்டியவர் ஆனார். துலாக்கோலைக் கையில் ஏந்தியவாறே நடப்பது போன்றது அவ்வாழ்வு.

அதனினும் பெரிய உண்மை சில ஆண்டுகளின் பின் வெளிப்பட்டது. சிறுவயதில் இன்சுலினால் பிழைத்தவர்கள் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்தபோது, அவருட் சிலர்க்கு விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்து பார்வை மங்கியது. சிலர்க்குச் சிறுநீரகம் பழுதுற்றது. சிலர்க்குக் கால் நரம்பு உணர்ச்சியற்றுப் புண் ஆறாது நின்றது. முன்பெல்லாம் அந்நிலையை அடையும்வரை அவர்கள் வாழ்ந்ததே இல்லை. இந்நோயாளர் சிறுநீரகத்தில் உண்டாகும் ஒருவகைத் தழும்பினை 1936இல் கிம்மல்ஸ்டீல், வில்சன் என்னும் இருவர் விளக்கினர். குருதிச் சர்க்கரையைக் கூடியவரை இயல்பான அளவை ஒட்டி வைத்திருந்தால் இக்கேடுகளைத் தடுக்கலாமா என்று மருத்துவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வாதிட்டனர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த பெருஞ்சோதனையின் முடிவு 1993இல் வெளிவந்து, அவ்வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தொடக்கத்தில் விழிக்கேடு இல்லாதவர்கள் சர்க்கரையைக் கண்டிப்பாகக் காத்துவந்தபோது, அவர்க்கு அக்கேடு தோன்றும் வாய்ப்பு முக்கால் பங்கு குறைந்தது.

தீவுகள் ஏன் அழிகின்றன என்பதும் பாண்டிங்குக்குத் தெரியாது. அவர் மறைந்து கால் நூற்றாண்டின் பின் அதன் முதல் தடயம் கிடைத்தது. நோய் தோன்றிய சின்னாளில் இறந்த சிறாரின் கணையத்தை 1965இல் ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் வில்லி கெப்ட்ஸ், அத்தீவுகளை வெள்ளணுக்கள் முற்றுகையிட்டிருக்கக் கண்டார். 1974இல் தீவணுக்களை எதிர்க்கும் பொருள்கள் நோயாளரின் குருதியிலேயே இருப்பது கண்டறியப்பட்டது. கோட்டையைக் காக்க வேண்டிய வீரரே பகைவர் என்று மயங்கித் தம் நாட்டுக் களஞ்சியத்துக்குத் தீயிடுவது போல, நோயைத் தடுக்க வேண்டிய ஆற்றலே உடலின் ஒரு பகுதியை அழித்துவிடுகின்றது. இனிப்பு உண்டதனாலோ பெற்றோர் வளர்ப்பினாலோ இவ்வகை நோய் வருவதில்லை. அம்முற்றுகையைத் தாமதப்படுத்தும் மருந்து ஒன்று 2022இல் அமெரிக்காவில் ஏற்கப்பெற்றது. முற்றும் தடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

மருந்தின் கைம்மாறு எங்ஙனம் பெருகியது என்பதற்கு ஒரு சான்று போதும். பாஸ்டன் நகரத்து ஜார்ஜ் மைனாட் என்னும் மருத்துவர் 1921இல் நீரிழிவுற்றுப் பட்டினி முறையால் மெலிந்திருந்தார். 1923இல் இன்சுலின் கிடைத்து உயிர் பிழைத்தார். அவரே சில ஆண்டுகளில், அந்நாளில் உயிரைக் கொள்ளும் நோயாயிருந்த ஒருவகைக் கொடிய குருதிச்சோகைக்கு ஈரல் உணவு மருந்தாவதைக் கண்டு, 1934இல் நோபெல் பரிசு பெற்றார்.

பாண்டிங்கின் பிற்கால வாழ்வைச் சுருங்கக் கூறலாம். கனடிய அரசு அவருக்கு ஆண்டுக்கு 7,500 டாலர் வாழ்நாள் உதவி அளித்தது. அவர் பெயரால் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1934இல் சர் பட்டம் வந்தது. புற்றுநோய் முதலியவற்றில் அவர் செய்த ஆராய்ச்சி பெரும்பயன் தரவில்லை. உலகம் அவரிடம் இரண்டாவது இன்சுலினை எதிர்பார்த்தது. அந்தச் சுமை எளியதன்று. தூரிகையை எடுத்து ஓவியம் தீட்டுவதில் அவர் ஆறுதல் கண்டார். ஏ. ஒய். ஜாக்சன் என்னும் புகழ்பெற்ற ஓவியரோடு 1927இல் வடதுருவக் கடற்பகுதிக்குச் சென்று பனிநிலங்களைத் தீட்டினார். மக்லியாட்டின் மீது கொண்ட பகை, அப்பெரியார் 1928இல் கனடாவை விட்டு நீங்கிய பின்னரும் தணியவில்லை. காலிப்போடு கொண்ட பகை மட்டும் காலப்போக்கில் நட்பாகக் கனிந்தது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபின் வானூர்தி ஓட்டுவோரின் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சிகளை அவர் முன்னின்று நடத்தினார். அதன்பொருட்டு 1941 பிப்ரவரியில் இங்கிலாந்து புறப்பட்டார். வழியில் மாண்ட்ரியல் நகரில் காலிப்பைக் கண்டு அளவளாவினார். 20ஆம் நாள் இரவு நியூபவுண்ட்லாந்தின் கேண்டர் என்னுமிடத்திலிருந்து எழுந்த வானூர்தி, பொறி பழுதுற்று, மஸ்கிரேவ் துறைமுகத்தை அடுத்த பனிக்காட்டில் வீழ்ந்தது. உடன் சென்ற இருவர் அங்கேயே மாண்டனர். பாண்டிங்கும் விமானியும் உயிரோடிருந்தனர். நெஞ்சிலும் தலையிலும் அடிபட்ட பாண்டிங் நினைவு தடுமாறி, அருகில் எழுத்தர் இருப்பதாக எண்ணி, மருத்துவக் குறிப்புகளை விரைந்து சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவர் மனம் அமைதியுறும் பொருட்டு விமானி எழுதுவது போலக் கையசைத்துக்கொண்டிருந்தார். மறுநாள், உதவி தேடிச் சென்று திரும்பிய விமானி, வானூர்திக்கு வெளியே பனியில் பாண்டிங் இறந்து கிடப்பதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 49. உடல் டொராண்டோவுக்குக் கொணரப்பெற்று, மவுண்ட் பிளசண்ட் என்னும் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.